ஐந்திற வீரன்

மேற்கே மலைத்தொடர் நீல மதில்போல் நீண்டு நிற்க, இராசபாளையத்திற்குத் தெற்கே அமைந்துள்ளது தளவாய்புரம் என்னும் ஊர். தளவாய் என்னும் சொல் படைத்தலைவனைக் குறிக்கும். மதுரை நாயக்கர் காலத்தில் அரசர்க்கு அடுத்த நிலையில் நின்று படை நடத்தியவரைத் தளவாய் என வழங்கினர். அரியநாத முதலியாரும் இராமப்பையனும் அப்பட்டம் தாங்கிப் புகழ் பெற்றோர் ஆவர். படைத்தலைவனின் பெயரைத் தாங்கிய இவ்வூரில் இன்று கேட்பது வாளோசை அன்று. தையற்பொறியின் ஓசையே ஆகும். பெண்டிர் அணியும் ஆயத்த ஆடைகள் இங்கே பல வீடுகளில் தைக்கப்பெற்று வெளியூர்களுக்குச் செல்கின்றன.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஒரு மாலைப்பொழுதில், உறவினர் ஒருவரைக் காண அவ்வூருக்குச் சென்றிருந்தேன். திண்ணையில் அமர்ந்து ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தான். அவன் பள்ளி ஓட்டப் பந்தயங்களில் முதற்பரிசு பெறுபவன். கணக்குப் பாடத்தையோ ஏறெடுத்தும் பாராதவன். அவன் அன்னை உள்ளே தையற்பொறியின் முன் அமர்ந்து, விளக்கொளியில் தைத்துக்கொண்டிருந்தார். பாரிசு நகரத்து ஒலிம்பிக்கு விழாவில் எகிப்து நாட்டு வீரர் ஒருவர் 'நவீன ஐந்திறப் போட்டி'யில் தங்கப் பதக்கம் வென்றார் என்னும் செய்தியை அவன் எனக்குப் படித்துக் காட்டினான். பின்னர், “ஐயா, ஓட்டத்தில் முதல்வராக வருபவரை முதல்வர் என்கிறோம். அது விளங்குகிறது. ஐந்து கலைகளைச் சிறிது சிறிதாகப் பயின்றவர்க்கும் அதே தங்கப் பதக்கமா? ஒன்றிலும் முதல்வராக வாராதவர் எங்ஙனம் முதல்வராவார்?” என்று வினவினான்.

“நல்ல வினா, தம்பி. உன் வினாவிற்குரிய விடை நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு களத்தில் எழுதப்பட்டுவிட்டது. சொல்கிறேன், கேள்” என்று தொடங்கினேன். அன்று அவனுக்குக் கூறியவற்றையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

ஐந்து ஆட்டங்களை ஒன்றாகச் சேர்த்துத் திறம் காணும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பண்டைக் கிரேக்க நாட்டில் ஒலிம்பியா என்னும் இடத்தில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருவிழா நடைபெற்றது. கி.மு. 708ஆம் ஆண்டு முதல் அவ்விழாவில் ஐந்திறப் போட்டி இடம்பெற்றது என்பர். ஓட்டம், தாண்டுதல், வட்டெறிதல், ஈட்டியெறிதல், மற்போர் என்பன அந்த ஐந்து. விரைந்து ஓடுபவனுக்கு மெலிந்த உடல் வேண்டும். மற்போர் புரிபவனுக்கு உரம் பெற்ற உடல் வேண்டும். இவ்விரண்டும் ஓருடலில் பொருந்துதல் அரிது. விரைவும் வலிமையும் ஒருங்கே வாய்த்தமையால் ஐந்திற வீரரே உடலழகு மிக்கவர் என்று அந்நாட்டுப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார்.

பண்டை ஒலிம்பிக்கு விழா காலப்போக்கில் மறைந்தது. அதனை 1896ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் மீண்டும் நடைபெறச் செய்தவருள் தலையாயவர் பிரெஞ்சு நாட்டவராகிய பியர் டி கூபர்டின் என்னும் பெருமகனார். பண்டைய ஐந்திறப் போட்டிக்கு நேராகத் தம் காலத்துக்கு ஏற்ற புதிய ஐந்திறப் போட்டி ஒன்று வேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்விருப்பம் 1912ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் நிறைவேறியது. பழையதனின் வேறுபடுத்தவே இதற்கு 'நவீன' என்னும் அடைமொழி அமைந்தது.

இப்புதிய போட்டிக்கு ஒரு படைவீரனின் கதை பின்னணியாகக் கூறப்படுகிறது. தலைவன் விடுத்த ஓலையைக் கொண்டு குதிரைவீரன் ஒருவன் பகைவர் நாட்டின் ஊடே செல்கிறான். குதிரை அவனுடையதன்று, வழியில் கிடைத்தது. அதனை அடக்கி ஏறிச் செல்கிறான். பகைவர் வளைத்துக்கொள்கின்றனர், வாளால் பொருகிறான், துப்பாக்கியால் சுட்டு வழி காண்கிறான். குதிரை வீழ்கிறது, ஆறு குறுக்கிடுகிறது, நீந்திக் கரையேறுகிறான். எஞ்சிய வழியை ஓடியே கடந்து ஓலையைச் சேர்ப்பிக்கிறான். குதிரையேற்றம், வாட்போர், துப்பாக்கி சுடுதல், நீச்சல், ஓட்டம் என்னும் ஐந்தும் இக்கதையில் அடங்கியிருத்தல் காண்க. இவ்வைந்தனுள் ஒன்று குறையினும் ஓலை போய்ச் சேராது. நான்கில் வல்லவனாய் இருந்தும் நீந்தத் தெரியாதவன் ஆற்றங்கரையிலேயே நின்றுவிடுவான் அன்றோ? இப்போட்டியின் உயிர்க்கருத்து இதுவே.

இவ்வைந்து திறங்களும் ஒன்றையொன்று தழுவிச் செல்வன அல்ல. பலவிடத்து ஒன்றோடொன்று முரணுவன. நீச்சலுக்குத் தோள்வலி வேண்டும்; நெடிய ஓட்டத்திற்கோ சுமை குறைந்த உடலே துணை. வாட்போரில் கண்ணிமைக்கும் நேரத்தில் பாயவேண்டும். குறி பார்த்துச் சுடும்போது மூச்சையும் அடக்கி அசைவற்று நிற்கவேண்டும். குதிரைமேல் இருப்பவனுக்கோ தன் உடல் மட்டும் வசப்பட்டால் போதாது; வேறோர் உயிரின் மனமும் வசப்படவேண்டும். ஒருநாளில் உள்ள பொழுதை ஐந்தாகப் பகுத்து, ஒன்றிற்குச் செலவிடும் உழைப்பு மற்றொன்றைக் கெடுக்காவண்ணம் பயிலுதல் எளிய செயலன்று.

இனி, ஸ்டாக்ஹோம் களத்தில் நிகழ்ந்ததைக் காண்போம். 1912ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பல நாட்டு வீரர் 32 பேர் அங்கே கூடினர். 25 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கைச் சுடுதல், 300 மீட்டர் நீச்சல், வாட்போர், 5,000 மீட்டர் குதிரையேற்றம், 4,000 மீட்டர் ஓட்டம் என ஐந்து போட்டிகள் அடுத்தடுத்த நாள்களில் நடைபெற்றன. வெற்றியைக் கணக்கிடும் முறை எளியது. முதல் இடம் பெற்றவர்க்கு ஒன்று, இரண்டாம் இடத்தினர்க்கு இரண்டு என எண்கள் அளிக்கப்பட்டன. ஐந்து எண்களையும் கூட்டினால் எவர்க்குக் குறைந்த தொகை வருகின்றதோ அவரே வென்றவர்.

சுவீடன் நாட்டவராகிய கோஸ்டா ஆஸ்பிரிங்கு என்பவர் துப்பாக்கி சுடுதலில் முதல்வராக வந்தார். ஓட்டத்திலும் முதல்வராக வந்தார். நீச்சலில் நான்காம் இடமும் குதிரையேற்றத்தில் ஏழாம் இடமும் பெற்றார். இரண்டு கலைகளில் முதல்வர்! தங்கப் பதக்கம் இவர்க்கே உரியது என்று நாம் எண்ணுவோம். ஆயின், வாட்போரில் அவர் பெற்ற இடம் பதினைந்து. ஐந்தையும் கூட்ட அவரது தொகை 28 ஆயிற்று.

அவர் நாட்டவரே ஆகிய கோஸ்டா லில்லிஹூக்கு என்பவரோ ஐந்தனுள் ஒன்றிலும் முதல்வராக வரவில்லை, இரண்டாமவராகவும் வரவில்லை. சுடுதலில் மூன்றாம் இடம், நீச்சலில் பத்தாம் இடம், வாட்போரில் ஐந்தாம் இடம், குதிரையேற்றத்தில் நான்காம் இடம், ஓட்டத்தில் ஐந்தாம் இடம் பெற்றார். கூட்டிப் பாருங்கள்; தொகை 27. ஒரே ஓர் எண் வேறுபாட்டில் அவர் தங்கம் வென்றார். உலகின் முதல் நவீன ஐந்திற வெற்றியாளர், ஐந்து திறங்களுள் எதிலும் முதல்வராக வாராத ஒருவரே ஆவார்! எதிலும் சிறந்து தோன்றாதவர் போல இருந்தும் எதிலும் வீழ்ந்துபடாமையே அவரது வெற்றி. அரங்கில் ஆரவாரம் பெறும் திறமைக்கும், அமைதியாக நின்று தாங்கும் திறமைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு கணக்கு நமக்குக் காட்டுகிறது.

அதே களத்தில் அமெரிக்க நாட்டு இளம் படைத்தலைவர் ஒருவரும் போட்டியிட்டார். பிற்காலத்தில் இரண்டாம் உலகப் பெரும்போரில் படைநடத்திப் புகழ்பெற்ற சார்சு பாட்டன் என்பவரே அவர். ஓட்டத்தில் மூன்றாம் இடமும் வாட்போரில் நான்காம் இடமும் பெற்ற அவர் சுடுதலில் இருபத்தோராம் இடத்திற்குத் தாழ்ந்தார். அவர் சுட்ட குண்டுகளுள் ஒன்று இலக்கில் பட்டதற்கு அடையாளமே இல்லை. முன் சென்ற குண்டு இட்ட துளையின் வழியாகவே அதுவும் சென்றிருத்தல் கூடும் என்று சிலர் கருதினர். நடுவர்களோ அதனைத் தவறிய குண்டாகவே கொண்டனர். அவர் மொத்தத்தில் ஐந்தாம் இடமே பெற்றார். களத்தில் நடுவர் சொல்லே முடிந்த சொல். அதற்குப் பணிதலும் வீரத்தின் ஒரு பகுதியே ஆகும்.

இதனைக் கேட்போர், 'எதிலும் முதன்மை பெற முயலாது, எல்லாவற்றிலும் நடுத்தரமாய் இருத்தலே போதும் போலும்' என்று கருதுதல் வேண்டா. 1948ஆம் ஆண்டு இலண்டன் நகரில் நடந்த போட்டியைப் பாருங்கள். சுவீடன் நாட்டு வில்லியம் குருட்டு என்பவர் குதிரையேற்றம், வாட்போர், நீச்சல் என்னும் மூன்றிலும் முதல்வராக வந்தார். அவ்வளவில் அமையாது, சுடுதலில் ஐந்தாம் இடமும் ஓட்டத்தில் எட்டாம் இடமும் பெற்றார். அவரது தொகை 16. அவர்க்கு அடுத்து வந்தவரோ மிகவும் பின்தங்கியிருந்தார். ஒன்றில் ஓங்குதல் குற்றமன்று. ஓங்கிய ஒன்றை நம்பி ஏனையவற்றைக் கைவிடுதலே குற்றம். குருட்டு தமக்கு நன்கு வாராத இரண்டனையும் கைவிடவில்லை என்பதனை நாம் உன்னவேண்டும்.

தொடக்கத்தில் இப்போட்டியில் வென்றவர் அனைவரும் படைத்துறையினரே. 1952ஆம் ஆண்டு எல்சிங்கியில் சுவீடன் நாட்டு லார்சு ஆல் என்பவர் தனியர் போட்டியில் தங்கம் வென்றார். படைவீரர் அல்லாதார் ஒருவர் அப்பரிசினைப் பெற்றது அதுவே முதன்முறை. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரிலும் அவரே வென்றார். நாடுகள் அணியாக நின்று பொருதும் முறையும் 1952ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. அதுமுதல் ஒருவர் செய்யும் பிழை அவரோடு நில்லாது, அணியினர் அனைவரையும் தாக்குவதாயிற்று. இதற்குச் சான்றாக இரு நிகழ்ச்சிகளைக் கூறலாம்.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் விழா நடைபெற்றது. சுவீடன் அணியில் இருந்த வீரர் ஒருவர், சுடும்போது கை நடுங்காதிருத்தற்பொருட்டு மது அருந்தினார். மருத்துவ ஆய்வில் அது வெளிப்பட்டது. ஒலிம்பிக்கு விழாவில் தடை செய்யப்பட்ட பொருளை உட்கொண்டமைக்காக நீக்கப்பட்ட முதல் வீரர் அவரே. அவர் ஒருவர் செய்த பிழையால் அவ்வணி பெற்ற வெண்கலப் பதக்கமே திரும்பப் பெறப்பட்டது. தவறு செய்யாத தோழர் இருவரும் வெறுங்கையினராய் நின்றனர்.

இதனினும் கொடியது 1976ஆம் ஆண்டு மாண்ட்ரீல் நகரில் நிகழ்ந்தது. வாட்போரில் வாள்நுனி எதிரியின் உடலில் அழுந்தியவுடன் மின்னோட்டம் இணைந்து விளக்கு எரியும். அதனைக் கொண்டு வெற்றியைக் கணிப்பர். சோவியத்து நாட்டைச் சேர்ந்த போரிசு ஒனிசெங்கோ என்பவர் முன்னைய விழாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர், வாட்போரில் பெயர்பெற்றவர். அவர் பிரிட்டன் நாட்டு வீரரோடு பொருதபோது, எதிரி பின்வாங்கி விலகி நின்ற நிலையிலும் விளக்கு எரிந்தது. வாள் உடலில் படவே இல்லை! பிரிட்டன் அணித்தலைவர் சிம் பாக்சு என்பவர் முறையிட்டார். வாளை வாங்கி ஆராய்ந்தனர். கைப்பிடியுள் மறைவாக ஒரு விசை அமைக்கப்பட்டிருந்தது. விரலால் அதனை அழுத்தினால், வாள் எதிரியைத் தொடாமலே விளக்கு எரியும். ஒனிசெங்கோ போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் நாட்டு அணியும் அப்போட்டியை இழந்தது. அணிக்குரிய தங்கம் பிரிட்டனுக்கு உரியதாயிற்று.

மாணவர்களே, இதில் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. வாட்போர் அறியாத ஒருவர் வஞ்சித்திருப்பின், இயலாமையால் செய்தார் எனலாம். இவரோ வாட்போரில் வல்லவர். வஞ்சனையின்றியே பதக்கம் பெறத்தக்கவர். தம் கையில் இருந்த திறத்தை நம்பாது, கைப்பிடியில் மறைத்த விசையை நம்பினார். அதனால் அவர் பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற புகழ் முழுதும் ஒரு விளக்கொளியில் அழிந்தது. பள்ளித் தேர்வில் பிறர் விடைத்தாளை எட்டிப் பார்க்கும் மாணவனும் இவ்விசையையே தன் கைப்பிடியில் மறைத்து வைத்திருக்கிறான் என்று கொள்ளுக.

இனிக் குதிரையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். குதிரையேற்றம் இடம்பெற்றிருந்த அண்மைக்கால ஐந்திறப் போட்டிகளில் வீரர் தம் சொந்தக் குதிரையில் ஏறவில்லை. போட்டி நடத்துவோர் கொணர்ந்த குதிரைகளுள் ஒன்று திருவுளச்சீட்டின் வழியாக அவர்க்கு வாய்த்தது. அதனோடு பழகக் கிடைத்தது 20 நிமிடமே. அதற்குள் அதன் நடையையும் அச்சத்தையும் விருப்பையும் அறிந்து, தடைகள் பலவற்றை அதனைத் தாண்டச் செய்யவேண்டியிருந்தது. அடித்து ஓட்டினால் அது பணியாது. அஞ்சுபவன் ஏறினால் அதுவும் அஞ்சும்.

2021ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் நடந்த விழாவில், மகளிர் போட்டியில் முன்னணியில் இருந்த செருமானிய வீராங்கனைக்கு வாய்த்த குதிரை தடையைத் தாண்ட மறுத்தது. அவர் கண்ணீர் வடித்தார். அவர்தம் பயிற்சியாளர் குதிரையைக் கைமுட்டியால் குத்தினார். அதனால் விழாவிலிருந்து நீக்கப்பட்டார். முதலிடத்தில் இருந்த வீராங்கனை மிகத் தாழ்ந்த இடத்திற்குச் சென்றார். வாயில்லா உயிரைத் துன்புறுத்தியதை உலகமே கண்டு வருந்திற்று. இதன் பின்னர், குதிரையேற்றத்தை விலக்கி, அதற்கு மாற்றாகத் தடைகளைத் தாவியும் ஏறியும் கடக்கும் போட்டியைச் சேர்ப்பதென உலக ஐந்திறப் பேரவை முடிவு செய்தது. 2028ஆம் ஆண்டு இலாசு ஏஞ்சல்சு விழாவிற்கென அம்மாற்றம் வகுக்கப்பட்டது. ஆதலின், 2024ஆம் ஆண்டுப் பாரிசு விழாவே ஐந்திற வீரரைக் குதிரைமேல் கண்ட இறுதி ஒலிம்பிக்கு விழாவாக அமைந்தது.

காலந்தோறும் போட்டியின் முறைகள் மாறி வந்துள்ளன. முன்னர்ப் பல நாள் நடந்த போட்டி 1996ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் ஒரே நாளில் முடிக்கப்பெற்றது. 2000ஆம் ஆண்டு சிட்னி நகரில் மகளிர்க்கும் இப்போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. குண்டுத் துப்பாக்கியின் இடத்தை இன்று ஊறு செய்யாத ஒளிக்கதிர்த் துப்பாக்கி பெற்றுள்ளது. சுடுதலும் ஓட்டமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. வீரர் 600 மீட்டர் ஓடிவந்து நின்று, 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கினை ஐந்து முறை சுட்டு வீழ்த்தவேண்டும், மீண்டும் ஓடவேண்டும், மீண்டும் சுடவேண்டும். இவ்வாறு நான்கு முறை சுட்டு, மொத்தம் 3,000 மீட்டர் ஓடி முடிக்கவேண்டும். ஓடியதால் நெஞ்சு படபடக்கும். வியர்வை கண்ணில் வழியும். அந்நிலையில் கை அசையாது நிற்றல் வேண்டும். அடங்காத உடலை அடங்கிய மனத்தால் ஆளும் அக்காட்சி காண்போர் உள்ளத்தைக் கவர்வதாகும்.

இவ்வோட்டத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. முன்னைய போட்டிகளில் மிகுந்த புள்ளி பெற்றவர் முதலில் ஓடத் தொடங்குவார். ஒரு புள்ளி குறைந்தவர் ஒரு நொடி காத்திருந்து தொடங்குவார். இருபது புள்ளி குறைந்தவர் இருபது நொடி காத்திருப்பார். ஆதலின், எல்லைக்கோட்டை முதலில் கடப்பவரே முழுப் போட்டியிலும் வென்றவர். வாட்போரில் விட்ட ஒரு பிழை, பின்னர் ஓடும் பாதையில் நொடியாகி நின்று வீரரைத் தடுக்கும்.

2024 ஆகஸ்டு 10ஆம் நாள், பாரிசின் அண்மையில் உள்ள வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் ஆடவர் இறுதிப் போட்டி நடைபெற்றது. எகிப்து நாட்டு அகமது எல்கெண்டி என்பவர் 1,555 புள்ளிகள் பெற்று, உலகில் அதுகாறும் எவரும் எய்தாத அளவை எட்டித் தங்கம் வென்றார். சப்பான் நாட்டுத் தைசு சாத்தோ இரண்டாம் இடமும் இத்தாலி நாட்டுச் சியார்சியோ மாலன் மூன்றாம் இடமும் பெற்றனர். எல்கெண்டி 2021ஆம் ஆண்டு தோக்கியோவில் பிரிட்டன் நாட்டுச் சோசப்பு சூங்கு என்பவர்க்கு அடுத்த நிலையில் வெள்ளி பெற்றவர். அதனைத் தோல்வியெனக் கருதிச் சோர்ந்திலர். மூன்று ஆண்டுகள் உழைத்து முதலிடம் எய்தினார். இக்கலையில் அந்நாடு பெற்ற முதல் ஒலிம்பிக்குத் தங்கம் அதுவே.

ஆசிய விளையாட்டு விழாவில் இப்போட்டி 1994ஆம் ஆண்டு சப்பானின் இரோசிமா நகரில் முதன்முதலாக இடம்பெற்றது. 2018ஆம் ஆண்டும், சீனாவின் ஆங்சோ நகரில் 2023ஆம் ஆண்டு நடந்த விழாவிலும் தென்கொரிய நாட்டுச் சியோன் ஊங்-தே என்பவர் ஆடவர் தனியர் போட்டியில் தங்கம் வென்றார். ஆங்சோவில் நம் நாட்டின் சார்பில் மயங்கு சாபேகர் என்பவர் இப்போட்டியில் கலந்துகொண்டார். வாளும் குதிரையும் நீச்சற்குளமும் பொருட்செலவுடையன. ஆதலின் இக்கலை நம் நாட்டில் இன்னும் பரவவில்லை. ஊர்ப்புறத்து அய்யனார் கோயிலில் நிற்கும் மண்குதிரையன்றி வேறு குதிரையை அருகில் காணாத சிறுவரே நம்மிடையே மிகுதி. குதிரைக்கு மாற்றாகத் தடை தாண்டுதல் வந்தமையால், எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதன் வாயில் சற்றே திறக்கும் என்று நம்பலாம்.

பொருளில்லை என்பது முயற்சிக்கு முற்றும் தடையன்று. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி பள்ளிப் பருவத்தில் வாட்போர் பயிலத் தொடங்கினார். வாளின் விலை மிகுதியாதலின், தொடக்கத்தில் மூங்கிற் கழிகளைக் கொண்டே பயின்றார். அவர் 2021ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கு விழாவில் வாட்போர்க் களம் கண்டார். இந்திய நாட்டிலிருந்து ஒலிம்பிக்கு வாட்போரில் இறங்கிய முதல்வர் அவரே. முதற்சுற்றில் துனிசிய நாட்டு வீராங்கனையை 15–3 என வென்றார். அடுத்த சுற்றில் தோற்றார். சிலம்பக் கழி சுழற்றும் நம் சிற்றூர்ச் சிறுவர்க்கும், கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தும் பிள்ளைகளுக்கும், வரப்பின்மேல் கால் தவறாது ஓடும் இளைஞர்க்கும் அவர் வரலாறு ஊக்கம் தருவதாகும்.

இவ்வளவும் கேட்ட அம்மாணவன் சிறிது நேரம் வாளா இருந்தான். பின்னர், “அப்படியானால் நான் ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமா, ஐயா?” என்று கவலையோடு வினவினான்.

“வேண்டா, தம்பி. ஆஸ்பிரிங்கு ஓட்டத்தில் முதல்வராக வந்தது அவரது குற்றமன்று. அவரைத் தடுத்தது பதினைந்தாம் இடத்தில் கிடந்த வாட்போர். நீ விரும்பும் ஒன்றினை நான் குறைக்கச் சொல்லவில்லை, நீ வெறுக்கும் ஒன்றினைப் பதினைந்தாம் இடத்தில் கிடக்க விடாதே என்றே சொல்கிறேன்” என்றேன்.

அப்பொழுது தையற்பொறியின் ஓசை நின்றது. தைத்து முடித்த ஆடையொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் அன்னை வாயிலருகே வந்தார். அதனை விளக்கருகே பிடித்து, தையல் நெடுகிலும் விரலை ஓட்டிப் பார்த்தவாறே அவர் கூறினார்: “ஐயா சொல்வது எங்கள் தொழிலுக்கும் பொருந்தும். துணி வெட்டவேண்டும், பக்கம் இணைக்கவேண்டும், கை பொருத்தவேண்டும், கழுத்துப் பட்டி வைக்கவேண்டும், ஓரம் மடித்துத் தைக்கவேண்டும். கழுத்துப் பட்டியைச் சித்திரம்போல் தைத்துவிட்டுக் கைப்பக்கத்தில் தையல் விட்டுப்போனால் கடைக்காரர் ஆடையைத் திருப்பி அனுப்பிவிடுவார். கழுத்து அழகாக இருக்கிறதே என்று எவரும் வாங்குவதில்லை.”

நான் பல களங்களையும் பல ஆண்டுகளையும் எடுத்துக்காட்டிக் கூறிய பொருளை அவ்வம்மையார் ஓர் ஆடையில் காட்டிவிட்டார். மாணவன் விடை ஒன்றும் கூறவில்லை. நாளிதழை மடித்து வைத்தான். உள்ளே சென்று கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து, என் அருகில் அமர்ந்து, “இந்தக் கணக்கு மட்டும் எனக்கு விளங்கவில்லை, ஐயா” என்றான். நான் தமிழாசிரியன், கணக்கு எனக்கும் பதினைந்தாம் இடத்துப் பாடமே. ஆயினும், இருவரும் சேர்ந்து அதனைச் செய்து பார்த்தோம். மூன்றாம் முறையில் விடை கிடைத்தது.

வாழ்க்கை என்னும் நெடுவழியில் நமக்கு வாய்க்கும் குதிரை நாம் விரும்பிய குதிரையாக இராது. ஆறு குறுக்கிடும்; பகை வளைக்கும்; நெஞ்சு படபடக்கும் வேளையில் கை அசையாது நிற்கவேண்டி வரும். ஒன்றில் மட்டும் வல்லவன் ஒரு துறையைக் கடப்பான்; குறையை அறிந்து நாள்தோறும் திருத்துபவன் வழி முழுதும் கடப்பான். அவ்வழியையும் வஞ்சனையின்றிக் கடப்பவனே உண்மையான ஐந்திற வீரன் ஆவான்.

வினாக்கள்

1. 'தளவாய்' என்னும் சொல் யாரைக் குறிக்கும்?
2. பண்டைக் கிரேக்க ஐந்திறப் போட்டிக்கும் நவீன ஐந்திறப் போட்டிக்கும் உள்ள வேறுபாடுகளைக் கூறுக.
3. 1912ஆம் ஆண்டில் ஒன்றிலும் முதலிடம் பெறாத லில்லிஹூக்கு எங்ஙனம் தங்கம் வென்றார்? கணக்கிட்டு விளக்குக.
4. மாண்ட்ரீல் நகரில் நிகழ்ந்த வஞ்சனை யாது? அதனால் நாம் அறியும் உண்மை யாது?
5. தளவாய்புரத்து அன்னையார் கூறிய கருத்தினை உம் சொந்த நடையில் எழுதுக.
6. உம்முடைய பாடங்களுள் 'பதினைந்தாம் இடத்தில்' உள்ளது எது? அதனை உயர்த்த நீர் செய்யக் கருதுவதைப் பத்து வரிகளில் எழுதுக.